கருப்புக் கொடியும் முன்னறிவிப்பும்

கருப்புக் கொடி என்பது இஸ்லாமிய வரலாற்றில் பல காலங்களில், பல நாடுகளில், ஆட்சியை எதிர்த்து எழுந்த இயக்கங்கள் ஏந்திய கொடியாகும். நபிகள் நாயகத்தின் பெயரால் வழங்கும் சில முன்னறிவிப்புகள் இந்தக் கொடியைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றைத் தங்கள் இயக்கத்தைப் பற்றியவையே என்று காட்டிக்கொள்ள, 8ஆம் நூற்றாண்டின் குராசான் புரட்சியாளர் முதல் 21ஆம் நூற்றாண்டின் ஐ.எஸ். அமைப்பு வரை பலரும் முயன்றிருக்கின்றனர். தமிழ் பேசும் நிலத்தில் இக்கொடி பெரும் துயரத்தோடு அறிமுகமானது 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், இலங்கையில்.

அவ்வாண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம் ஆகிய மூன்று தேவாலயங்களிலும், கொழும்பின் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீயோன் ஆலயத்தில் மாண்டவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற சிறுவர் சிறுமியர். இரண்டு நாள் கழித்து ஐ.எஸ். அமைப்பின் செய்திப் பிரிவான 'அஃமாக்' ஒரு காணொளியை வெளியிட்டது. கருப்புக் கொடி ஒன்றின் முன் எட்டுப் பேர் நிற்கின்றனர். ஏழு பேர் முகத்தை மூடியிருக்கின்றனர். முகம் காட்டி நிற்பவர் ஸஹ்ரான் ஹாஷிம், காத்தான்குடியைச் சேர்ந்த தமிழ்ப் பேச்சாளர். ஐ.எஸ். தலைவர் அபூபக்கர் அல் பக்தாதிக்கு அவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்கின்றனர்.

அந்தக் கொடி எங்கிருந்து வந்தது, 'அஃமாக்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை முன்னறிவிப்புகளில்தான் இருக்கிறது.

கொடியில் இருப்பது என்ன

ஐ.எஸ். கொடியை இரு பகுதிகளாகப் பார்க்கலாம். மேலே வெள்ளை எழுத்தில், கலிமாவின் முதல் பாதி: அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவன் வேறு யாருமில்லை என்பது. கீழே ஒரு வெள்ளை வட்டம். அதற்குள் கருப்பு எழுத்தில் மூன்று சொற்கள் மூன்று வரிகளில் உள்ளன. மேலிருந்து கீழாக அல்லாஹ், ரசூல், முஹம்மது என்று இருக்கும். கீழிருந்து மேலாகப் படித்தால் 'முஹம்மது அல்லாஹ்வின் தூதர்' என்று கலிமாவின் மறுபாதி கிடைக்கும்.

இந்த வட்டம் நபிகள் நாயகத்தின் முத்திரை மோதிரத்தைக் குறிப்பது. அவர் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுதியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் வெள்ளி மோதிரம் ஒன்று செய்துகொண்டார் என்றும், அதில் மூன்று வரிகள் இருந்தன என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. ஆனால் எழுத்து கீழிருந்து மேலாகச் சென்றது என்பதற்கு நபிமொழியில் தெளிவான ஆதாரம் தாம் காணவில்லை என்று 15ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு ஹஜர் எழுதியுள்ளார். அந்த வரிசை நமக்குத் தெரியவருவது இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள கடிதத்தின் முத்திரை வழியாக. அக்கடிதம் உண்மையானதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாளாக ஐயம் உண்டு. ஆக, ஐ.எஸ். கொடியின் மிகப் பழமையானதாகத் தோன்றும் பகுதியே உறுதிப்படாத ஒன்றின் நகல்.

கொடியின் வயதும் அதிகமில்லை. 'ஈராக் இஸ்லாமிய அரசு' என்ற பெயரில் அமைப்பு அறிவிக்கப்பட்டது 2006 அக்டோபரில்; கொடி வெளியானது 2007 தொடக்கத்தில். எழுத்தை வேண்டுமென்றே ஒழுங்கற்ற பழைய கையெழுத்துப் போல வரைந்திருக்கிறார்கள். கணினியில் வரைந்த கொடிக்கு 1,400 ஆண்டுப் பழமை தோன்றவேண்டும் என்பது நோக்கம்.

கருப்பு நிறத்திற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் முற்றிலும் கற்பனை அல்ல. நபிகள் நாயகம் காலத்தில் 'ராயா' என்ற போர்க்கொடி கருப்பாகவும், 'லிவா' என்ற தலைமைக் கொடி வெள்ளையாகவும் இருந்ததாக திர்மிதி, இப்னு மாஜா தொகுப்புகளில் செய்தி உண்டு. மக்காவுக்குள் நுழைந்தபோது லிவா வெள்ளை நிறமாக இருந்தது என்றும் அறிவிப்பு இருக்கிறது. அக்காலக் கொடி என்பது படையில் தம் பிரிவு எங்கே நிற்கிறது என்று வீரன் கண்டுகொள்வதற்கான துணி. அதை ஓர் அரசின் நிரந்தரச் சின்னமாகக் கொள்வது மிகப் பிற்காலத்து வழக்கம். இன்று பச்சையும் பிறையும் இஸ்லாத்தின் அடையாளமாகப் பரவலாகக் கருதப்படுவதற்கும் நபிகாலத்தை விட உதுமானியப் பேரரசின் செல்வாக்கே முதன்மைக் காரணம்.

கலிமாவைக் கொடியில் எழுதுவதால் வேறொரு பயனும் உண்டு: எதிரிகூட அந்தத் துணியை எளிதில் எரிக்க முடியாது. 2014 ஆகஸ்டில் பெய்ரூத்தின் அஷ்ரஃபியா பகுதியில் இளைஞர்கள் சிலர் ஐ.எஸ். கொடியை எரித்தபோது, லெபனானின் நீதி அமைச்சரே அவர்கள் மீது நடவடிக்கை கோரினார், அவர் ஐ.எஸ். ஆதரவாளர் அல்லர், கொடியில் கலிமா இருந்தது என்பதே அவர் சொன்ன காரணம். 2007இல் ஆப்கானிஸ்தானின் கோஸ்த் மாகாணத்தில் அமெரிக்கப் படையினர் பிள்ளைகளுக்காக ஹெலிகாப்டரிலிருந்து கால்பந்துகளைப் போட்டனர். பந்துகளில் பல நாட்டுக் கொடிகள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று கலிமா பொறித்த சவூதிக் கொடி. கலிமாவைக் காலால் உதைப்பதா என்று ஊர் மக்கள் போராட்டத்தில் இறங்கினர்.

குராசானிலிருந்து வரும் கொடிகள்

கருப்புக் கொடி முன்னறிவிப்புகளில் புகழ்பெற்றவை இரண்டு. குராசானிலிருந்து கருப்புக் கொடிகள் புறப்படும், ஜெருசலேமில் நடப்படும்வரை அவற்றை யாராலும் தடுக்க முடியாது என்பது திர்மிதியில் உள்ளது. கிழக்கிலிருந்து அக்கொடிகள் வரும்போது பனியின்மேல் தவழ்ந்தேனும் சென்று சேர்ந்துகொள்ளுங்கள், அவர்களிடையே மஹ்தி இருப்பார் என்ற பொருளில் வருவது இப்னு மாஜாவில் உள்ளது. குராசான் என்பது இன்றைய கிழக்கு ஈரான், துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றின் பகுதிகள் சேர்ந்த பழைய நிலப்பரப்பு. மஹ்தி என்பவர் உலக முடிவுக்கு முன் தோன்றி நீதியை நிலைநாட்டுவார் என்று நம்பப்படும் தலைவர்.

நபிமொழி என்று வழங்கும் எல்லாவற்றையும் இஸ்லாமிய அறிஞர்கள் ஒரே தட்டில் வைப்பதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் சங்கிலியைச் சோதித்து, உறுதியானது, பலவீனமானது, இட்டுக்கட்டப்பட்டது என்று வகைப்படுத்துவது அவர்களின் பெரிய கலை. இச்சோதனையில் கருப்புக் கொடி அறிவிப்புகள் பெரும்பாலும் தேறவில்லை. திர்மிதியே தாம் பதிவுசெய்ததை ஒரே வழியில் மட்டும் வந்த அரிய அறிவிப்பு என்று குறித்தார். அதன் அறிவிப்பாளர்களில் ஒருவரான ரிஷ்தீன் பின் ஸஅத் பலவீனமானவர் என்பது திறனாய்வாளர் முடிவு. 12ஆம் நூற்றாண்டின் இப்னுல் ஜவ்ஸி இவ்வகை அறிவிப்பு ஒன்றை இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலிலேயே சேர்த்தார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் மஹ்தி பற்றிய அறிவிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, மிகச் சிலவே குறைசொல்ல இடமில்லாதவை என்றார்.

843இல் இறந்த நுஐம் பின் ஹம்மாத் என்பவர் தொகுத்த குழப்பங்கள் பற்றிய நூலில் இந்த வகைச் செய்திகள் ஏராளம். கருப்புக் கொடிகளோடு சேருங்கள் என்று சொல்பவையும், கண்டால் இருந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள் என்று எச்சரிப்பவையும் ஒரே நூலில் அருகருகே இருக்கின்றன. பின் வகையில் ஒன்று, அக்கொடிக்காரர்களின் மனம் இரும்பு போன்றது, புனைபெயர் வைத்திருப்பார்கள், ஊர்ப்பெயரை ஒட்டிக்கொள்வார்கள், நீண்ட முடி வளர்ப்பார்கள் என்று வருணிக்கிறது. 2014இல் ஐ.எஸ். எதிர்ப்பாளர்கள் இதைச் சமூக ஊடகங்களில் பரப்பி, பக்தாதியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது என்றனர். அதுவும் பலவீனமான அறிவிப்பே. ஆதரிப்பவனுக்கும் எதிர்ப்பவனுக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஆயுதம் கிடைக்கிறது.

ஏன் இப்படி? விடை 8ஆம் நூற்றாண்டு அரசியலில் உள்ளது. டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட உமையாக்களின் மீது குராசானில் கடும் வெறுப்பு இருந்தது. 734 அளவில் அல் ஹாரித் பின் சுரைஜ் என்பவர் அங்கே கருப்புக் கொடியுடன் கிளர்ந்தார். 743இல் நபிகளின் வழித்தோன்றலான யஹ்யா பின் ஸைத் குராசானில் கொல்லப்பட்டபோது, மக்கள் துக்கமாகக் கருப்பு உடுத்தினர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். 747 ஜூனில் மெர்வ் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் அபூ முஸ்லிம் அப்பாசியர்களின் சார்பில் இரண்டு கருப்புக் கொடிகளை ஏற்றினார். அவற்றுக்கு 'நிழல்', 'மேகம்' என்று பெயர். மேகம் பூமியை மூடுவதுபோல இவ்வழைப்பும் மூடும் என்றும், நிழலில்லாத பூமி இல்லாததுபோல அப்பாசியர் இல்லாத உலகம் இராது என்றும் அதற்கு விளக்கம் கூறினர். 750இல் ஸாப் ஆற்றுப் போரில் உமையாக்கள் வீழ்ந்தனர்.

குராசானிலிருந்து கருப்புக் கொடி வருவதும் வெல்வதும் இங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. முன்னறிவிப்பு இருந்ததால் கொடி ஏறியதா, கொடி ஏறியதால் முன்னறிவிப்பு பிறந்ததா? அறிவிப்புகளில் பல அப்பாசியப் பிரச்சாரத்தில் உருவானவை அல்லது உருமாறியவை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருத்து. எச்சரிக்கும் அறிவிப்புகள் அவர்களின் எதிரிகளிடமிருந்து வந்திருக்கலாம். மூன்றாம் அப்பாசியக் கலீபாவின் பட்டமும் 'அல் மஹ்தி'தான். கொடியை ஏற்றிய அபூ முஸ்லிமை 755இல் இரண்டாம் கலீபா மன்சூர் தம் கூடாரத்துக்கு வரவழைத்துக் கொன்றார். அதிகாரம் கைக்கு வந்தபின் கருப்பு, அரசு ஊழியரின் உடையாகிவிட்டது. 817இல் கலீபா மஃமூன், நபி வழியினரான அலீ அர்ரிழாவை வாரிசாக அறிவித்து அரசின் நிறத்தைப் பச்சைக்கு மாற்றினார். பாக்தாதில் எதிர்ப்பு வலுக்கவே 819இல் மீண்டும் கருப்புக்குத் திரும்பினார்.

அடுத்த தலைமுறைகளுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. கொடிகள் வந்துவிட்டன, உலகம் முடியவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இப்னு கஸீர், அவை அபூ முஸ்லிமின் கொடிகள் அல்ல, இனி மஹ்தியுடன் வரவிருக்கும் வேறு கொடிகள் என்று எழுதி அறிவிப்பைக் காப்பாற்றினார். அந்த வழியில்தான் பின்வந்த ஒவ்வோர் இயக்கமும் நுழைந்தது.

சூடானும் மக்காவும்

1881 ஜூனில் சூடானின் அபா தீவில் முஹம்மது அஹ்மது தம்மை மஹ்தி என்று அறிவித்தார். 1885 ஜனவரி 26இல் கார்ட்டூம் வீழ்ந்து, பிரிட்டிஷ் தளபதி கார்டன் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் மஹ்தியும் நோயில் இறந்தார். அவர் படை கருப்பு, பச்சை, சிவப்புக் கொடிப் பிரிவுகளாக அமைந்திருந்தது. கருப்புக் கொடி அவருக்குப் பின் ஆண்ட கலீபா அப்துல்லாஹியின் பிரிவுக்குரியது. 1898 செப்டம்பர் 2இல் ஓம்துர்மானில் கிச்சனரின் இயந்திரத் துப்பாக்கிகள் முன் சுமார் 10,000 சூடானியர் மாண்டனர்.

1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400ஆம் ஆண்டின் முதல் நாள். ஜுஹைமான் அல் உதைபி தலைமையிலான ஆயுதக் குழு மக்காவின் புனிதப் பள்ளிவாசலைக் கைப்பற்றி, முஹம்மது அல் கஹ்தானி என்பவரை மஹ்தி என்று அறிவித்தது. மஹ்தி கொல்லப்பட முடியாதவர் என்று நம்பிய கஹ்தானி முற்றுகையில் இறந்தார். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிவாசல் மீட்கப்பட்டது. 1980 ஜனவரி 9இல் 63 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

தாபிக் என்னும் கிராமம்

ஐ.எஸ்.ஸின் முன்னோடி அமைப்பிலேயே இந்த அவசரம் இருந்தது. மஹ்தி ஓராண்டுக்குள் வந்துவிடுவார் என்று எண்ணித் தலைவர் அபூ அய்யூப் அல் மஸ்ரி போர் முடிவுகளை எடுக்கிறார் என, அவ்வமைப்பை விட்டு விலகிய அதன் தலைமை நீதிபதியே குற்றம்சாட்டினார்.

பின்னர் வந்த தலைமை, மஹ்தியைச் சற்றுத் தள்ளிவைத்து, இடங்களைப் பிடித்துக்கொண்டது. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில், ரோமர்கள் 'அஃமாக்' அல்லது 'தாபிக்' என்ற இடத்தில் வந்திறங்குவர், அங்கே பெரும்போர் நடக்கும், பின்னர் கான்ஸ்டாண்டிநோபிள் வெல்லப்படும் என்றோர் அறிவிப்பு உண்டு. தாபிக் வடக்குச் சிரியாவில், துருக்கி எல்லைக்கு அருகிலுள்ள சிற்றூர். 2014 ஜூலையில் ஐ.எஸ். தொடங்கிய இதழுக்குப் பெயர் 'தாபிக்'. செய்திப் பிரிவின் பெயர் 'அஃமாக்'. ஈஸ்டர் குண்டுவெடிப்பை உலகுக்கு உரிமைகோரிச் சொன்ன பெயர்கூட ஒரு முன்னறிவிப்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதே. ஊருக்குப் படைத்துறை மதிப்பு ஒன்றுமில்லை. ஆயினும் 2014 ஆகஸ்டில் அதைக் கைப்பற்றி, அங்கே தம் கொடியை ஏற்றிக் காணொளிகள் எடுத்தனர். கான்ஸ்டாண்டிநோபிள் 1453 முதல் முஸ்லிம்களின் நகரமாக இருப்பதோ, 1516 ஆகஸ்ட் 24இல் இதே தாபிக் சமவெளியில் உதுமானியரும் மம்லூக்குகளும் போரிட்டபோது இருபுறமும் முஸ்லிம்களே நின்றதோ அவர்களை உறுத்தவில்லை.

2016 அக்டோபர் 16இல் துருக்கி ஆதரவு பெற்ற சிரியக் கிளர்ச்சிப் படைகள், அவர்களும் முஸ்லிம்களே, பெரிய எதிர்ப்பின்றித் தாபிக்குக்குள் நுழைந்தன. இது 'சிறிய' தாபிக் போர், பெரியது இனிமேல்தான் என்று ஐ.எஸ். வார இதழ் எழுதியது. அதற்கு முந்தைய மாதமே ஆங்கில இதழின் பெயர் 'ரூமிய்யா', அதாவது ரோம், என்று மாறியிருந்தது.

இதற்கு முஸ்லிம் அறிஞர்களின் பதில் தாமதமாக வரவில்லை. 2014 செப்டம்பரில் பல நாடுகளைச் சேர்ந்த 120க்கும் மேற்பட்டோர் பக்தாதிக்குத் திறந்த மடல் எழுதி அவர் வாதங்களை மறுத்தனர். 2015 செப்டம்பரில் இந்தியாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உலமாக்கள் ஐ.எஸ்.ஸுக்கு எதிரான தீர்ப்பில் கையெழுத்திட்டனர். காணொளிகள் போன வேகத்தில் அவை போகவில்லை.

காத்தான்குடி

கிழக்கிலங்கையின் காத்தான்குடி, தமிழ் பேசும் முஸ்லிம்கள் நெருங்கி வாழும் ஊர். 1990 ஆகஸ்ட் 3இல் இங்குள்ள பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அந்த நினைவு மறையாத ஊரில்தான் ஸஹ்ரான் வளர்ந்து, தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் முதலில் பகைத்தது கிறித்தவர்களையோ பௌத்தர்களையோ அல்ல, சொந்த ஊரின் சூஃபி முஸ்லிம்களை. 2017 மார்ச்சில் அவர்களுடன் நடந்த மோதலுக்குப் பின் தலைமறைவானார். அதன்பின் அவர் பேச்சுகள் இணையத்தில் தமிழிலேயே தொடர்ந்தன. உள்ளூர் முஸ்லிம்கள் அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2019 ஏப்ரல் 4இல் இந்திய உளவுத்துறையும் எச்சரிக்கை அனுப்பியது. இரண்டும் பயன்படவில்லை.

ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பாதுகாப்புப் படையினர் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்தபோது, உள்ளிருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். மாண்டவர்களில் குழந்தைகளும் ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் இருந்தனர். தற்கொலையாளிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க இடம் தரமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது.

தொடர்ந்த வாரங்களில் சின்னங்களைப் பற்றிய அச்சம் எங்கும் பரவியது. மே மாதம் ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண், தர்மசக்கரம் அச்சிட்ட ஆடை அணிந்து பௌத்தத்தை அவமதித்தார் என்று கைதுசெய்யப்பட்டுச் சில வாரம் சிறையிலிருந்தார். துணியில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அதே மாதம் வடமேற்கு மாகாணத்தில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

தமிழ்நாட்டில்

தமிழகத்தில் கிளர்ச்சிக் கொடி என்றதும் நினைவுக்கு வருவது 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. அங்கேயும் வெள்ளையர் ஆட்சி முடியப்போகிறது என்று ஒரு பக்கீர் கடைத்தெருவில் முன்கூட்டியே சொல்லித் திரிந்தார். பித்தன் என்று விட்டுவிட்டனர். ஆனால் சிப்பாய்கள் ஏற்றியது மதக் கொடி அல்ல, திப்புவின் மைசூர் அரசுக் கொடி. அதன் கீழ் இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்தே நின்றனர்.

ஐ.எஸ். சின்னம் இங்கே முதலில் பரபரப்பானது 2014 ஆகஸ்டில். இராமநாதபுரம் மாவட்டம் தொண்டியில் இளைஞர்கள் சிலர் அச்சின்னம் பொறித்த கருப்பு பனியன் அணிந்து பள்ளிவாசல் முன் எடுத்துக்கொண்ட படம் முகநூலில் பரவியது. இருவர் கைதாயினர். 2015 பிப்ரவரியில் இந்திய அரசு ஐ.எஸ். அமைப்பைச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்தது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியலில், கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் ஒன்று வெடித்து அதை ஓட்டிவந்தவர் இறந்தார். அவர் ஐ.எஸ். தலைமைக்குப் பிரமாணம் செய்தவர் என்பது தேசியப் புலனாய்வு முகமையின் குற்றச்சாட்டு. திருமழிசையை அடுத்த பூவிருந்தவல்லியிலுள்ள சிறப்பு நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்து 1998இல் தீர்ப்பு வழங்கியதும் பூவிருந்தவல்லியில் இயங்கிய நீதிமன்றமே.

இத்தகைய வழக்குகளில் கொடிக்குச் சாட்சியாக எவ்வளவு எடை என்பது சிக்கலான கேள்வி. ஒருவரின் கைப்பேசியில் ஐ.எஸ். கொடிப் படங்களும் காணொளிகளும் இருந்ததை வைத்து மட்டும் அவரை அமைப்பின் உறுப்பினர் என்று முடிவுகட்ட முடியாது என்று 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு பிணை ஆணையில் கூறியது. கொடியின் மேல்வரியில் இருக்கும் அதே கலிமா தமிழ் முஸ்லிம் வீடுகளின் வாசல் நிலைக்கு மேலும், கடைச் சுவரிலும், நாட்காட்டியிலும் இருக்கிறது. 2014 டிசம்பரில் சிட்னி நகர உணவகம் ஒன்றில் ஆட்களைச் சிறைபிடித்தவன் சன்னலில் காட்டியதும் வெறும் கலிமா எழுதிய கருப்புத் துணிதான். உலகின் பல தொலைக்காட்சிகள் முதலில் அதை ஐ.எஸ். கொடி என்றே அறிவித்தன. அவனோ தனக்கு ஐ.எஸ். கொடி ஒன்று கொண்டுவந்து தரும்படி கேட்டுக்கொண்டிருந்தான். 2019 தேர்தலில் வயநாட்டில் பறந்த இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் பச்சைப் பிறைக்கொடி பாகிஸ்தான் கொடியாகப் பேசப்பட்டது மற்றோர் எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டு முஸ்லிம்களின் பேச்சில் 'கொடியேற்றம்' என்றால் பொதுவாகக் குறிப்பது கந்தூரியைத்தான். ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்படும் கொடிகள் நாகூர் தர்காவின் மினாராக்களில் ஏற்றப்படுகின்றன. ஊர்வலத்தைப் பார்க்க வருவோரிலும், மினாராவின் கீழ் நேர்ச்சை செலுத்துவோரிலும் பெருந்தொகையினர் இந்துக்கள். ஸஹ்ரான் போன்றோர் காத்தான்குடியில் முதலில் எதிர்த்ததும் இத்தகைய சூஃபி வழிபாட்டையே.